எங்கள் ஊரின் பழைய போர் நினைவுக் கல்லை விரிவாக்கி, பின்னாளில் இறந்தவர்களின் பெயர்களைச் சேர்ப்பது எப்படி?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே இருக்கும் உங்கள் ஊர்ச் சாவடிச் சுவரில் ஒரு சலவைக்கல் பதித்திருக்கிறது. 1914-1919 பெரும் போருக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று எண்ணிக்கையை மட்டும் சொல்லும் கல். அதன் பக்கத்தில் மேடை கட்டி, இரண்டாம் உலகப் போர் முதல் இன்று வரை ஊரிலிருந்து பட்டாளத்துக்குப் போய் இறந்தவர்கள் எல்லாருடைய பெயரையும் வெட்ட ஊர் கூடிப் பேசியிருக்கிறது. என்ன கல், யாரிடம் அனுமதி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியின் கடைசியில் போகிற போக்கில் நான்கு விஷயம் எழுதியிருக்கிறீர்கள். 1988-இல் இலங்கையில் இறந்தவர் பெயர் வரக்கூடாது என்று சில இளைஞர்கள் சொல்கிறார்கள். சிஆர்பிஎஃப்-இல் (மத்திய ரிசர்வ் போலீஸ் படை) இருந்து இறந்தவர் ராணுவத்தில் சேர்த்தியா என்று ஒரு பேச்சு. லடாக்கில் வண்டி கவிழ்ந்து இறந்தவர் போரில் இறந்தவர் ஆவாரா என்று இன்னொரு பேச்சு. தெற்கு வளவில் ஒரு பெரியவர் "எங்க அப்பாருந்தானுங்க அந்தச் சண்டைக்குப் போயித் திரும்பி வரல" என்கிறார், கையில் காகிதம் எதுவும் இல்லை. ஆக, கேள்வி கல்லைப் பற்றியது போலத் தெரிந்தாலும், யார் பெயர் ஏறும், அதை யார் எப்படி முடிவு செய்வது என்பதுதான் உங்களை உறுத்துகிறது. அதற்கே முதலில் வருகிறேன்.

நான் ராணுவத்தில் எழுத்தர் பிரிவில் இருந்தவன். பெரும்பகுதி ஆவண அலுவலக வேலை. ஓய்வுக்குப் பின் ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பழைய பென்ஷன் தாள், பதக்கம், இறப்புப் பதிவு தேடிக் கொடுத்து வருகிறேன். அந்த வழியில் சில ஊர்களின் நினைவுக்கல் வேலையிலும் கூட இருந்திருக்கிறேன். எனவே ஆவணங்களைப் பற்றி இங்கே சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். கல்லைப் பற்றிச் சொல்வது கல் தச்சர்கள் பக்கத்தில் நின்று பார்த்தும் கேட்டும் அறிந்தது. யாரைச் சேர்ப்பது என்பதில் ஊர் நினைவுக்கல்லுக்கென்று அரசு வகுத்த விதி கிடையாது. அந்த இடத்தில் நான் சொல்வது என் கருத்து, உங்கள் ஊர் மாற்றிக்கொள்ளலாம்.

என் முதல் வேண்டுகோள் இதுதான். ஒரு பெயரைக்கூடப் பேசுவதற்கு முன்னால் விதியை எழுதுங்கள். பெயரைச் சொல்லிவிட்டுப் பிறகு "இவர் வருவாரா" என்று கேட்டால், அது அந்தக் குடும்பத்தின் மானப் பிரச்சினை ஆகிவிடும். அண்ணன் தம்பி, பங்காளி என்று கட்சி பிரியும். உங்கள் ஊரில் நான்கு பெயர் ஏற்கெனவே வெளியே வந்துவிட்டது. பரவாயில்லை, அந்தப் பேச்சை நிறுத்தி வைத்துவிட்டு, பொதுவான விதி ஒன்றைக் கிராம சபையில் தீர்மானமாகப் போடுங்கள். நான் முன்வைக்கும் வாசகம்: "இந்த வருவாய்க் கிராமத்தில் பிறந்தோ குடியிருந்தோ, இங்கிருந்து சீருடைப் பணிக்குச் சென்று, பணியில் இருக்கும்போதே இறந்தவர்." இறந்த விதம், இடம், எந்தப் போர், எந்த அரசு, எந்தப் பதவி என்று எதுவும் இதில் இல்லை. வேண்டுமென்றேதான் இல்லை. வருவாய்க் கிராமம் என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. பழைய கல்லில் உள்ள ஊர் என்பது அன்றைய கணக்குப்பிள்ளை கணக்கில் இருந்த ஊராக இருக்கவே வாய்ப்பு அதிகம். இன்று தனி ஊராட்சியாக இருக்கும் பக்கத்துப் புதூர்களும் பாளையங்களும் அந்த எண்ணிக்கையில் அடங்கியிருக்கலாம். அவர்களையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள்.

விபத்தில் இறந்தவர் விஷயத்தை எடுத்துக்கொள்வோம். ராணுவத்தில் போர் இழப்பு என்றும் மற்ற இழப்பு என்றும் இரண்டு வகை உண்டு. குடும்பத்துக்கு வரும் பென்ஷனும் பணமும் எந்த வகை என்பதைப் பொறுத்து மாறும், அதனால் அரசுக்கு அந்தப் பிரிவினை தேவை. ஊருக்குத் தேவையா? இரண்டு உலகப் போர்களிலும் பிரிட்டிஷ் பேரரசுப் படைகளில் இறந்தவர்களின் கல்லறைகளையும் பெயர்ப் பட்டியலையும் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் முதல் உலகப் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரையும், இரண்டாம் உலகப் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையும் பணியில் இருந்தபடி இறந்தவர்களை, காய்ச்சலில் போனாலும் விபத்தில் போனாலும் குண்டடிபட்டுப் போனாலும், ஒரே பட்டியலில்தான் வைத்திருக்கிறது. மெசபடோமியாவுக்கு (இன்றைய இராக்) போன நம் ஆட்களில் காலராவும் வெயிலும் கொண்டுபோனவர்கள் ஏராளம். உங்கள் சலவைக்கல்லில் "உயிர் கொடுத்தவர்கள்" என்ற எண்ணுக்குள் அப்படி இறந்தவர்களும் இருக்கக்கூடும். அவர்களுக்கு ஒரு நியாயம், லடாக் மலைப்பாதையில் வண்டி ஓட்டிப் போனவருக்கு வேறு நியாயம் என்று வைக்க எனக்கு மனம் வரவில்லை. பணியில் இருக்கையில் தற்கொலை செய்துகொண்டவர்களும் இந்த விதிக்குள் வருவார்கள். அப்படி ஒரு குடும்பம் இருந்தால் அவர்களைக் கூட்டத்தில் நிறுத்திக் கேட்காதீர்கள், ஒருவர் மட்டும் வீட்டுக்குப் போய்ப் பேசட்டும்.

சிஆர்பிஎஃப் பற்றி. டெல்லியில் 2019 பிப்ரவரி 25-இல் திறந்த தேசியப் போர் நினைவிடத்தில் தரைப்படை, கடற்படை, விமானப்படை வீரர்களின் பெயர்கள் இருக்கின்றன. மத்திய ஆயுதக் காவல் படைகளுக்கும் மாநிலப் போலீசுக்கும் சாணக்கியபுரியில் 2018 அக்டோபர் 21-இல் திறந்த தேசியக் காவல் நினைவிடம் இருக்கிறது. தலைநகரத்தில் துறை துறையாகப் பிரித்துக் கட்ட முடியும். ஊரில் இருப்பது ஒரு சாவடி. கொங்கு நாட்டில் இந்தக் கேள்விக்கு இன்னொரு முகமும் உண்டு. 1993 ஏப்ரலில் வீரப்பன் கும்பல் வைத்த பாலாறு கண்ணிவெடியில் இறந்த 22 பேரில் போலீசார் மட்டுமில்லை, வனக் காவலர்களும் இருந்தார்கள். சத்தியமங்கலம், அந்தியூர், மேட்டூர் பக்கத்து ஊர்களுக்கு யாராவது என்னிடம் இதே கேள்வியைக் கேட்டால் "சீருடைப் பணி" என்ற சொல்லையே வைத்துக்கொள்ளச் சொல்வேன். உங்கள் ஊரில் இன்று அப்படி ஒருவர் இல்லாவிட்டாலும் விதியில் இடம் இருக்கட்டும்.

இலங்கையில் இறந்தவர் விஷயம்தான் எல்லாவற்றிலும் கனமானது. 1987 ஜூலை இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் போன இந்திய அமைதிப்படை 1990 மார்ச்சில் திரும்பி முடிந்தது. அதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் அங்கே இறந்தார்கள். அந்த மூன்று வருடத்தில் அங்குள்ள தமிழ் மக்கள் பட்டது என்ன என்று உங்கள் இளைஞர்கள் படித்திருக்கிறார்கள். அவர்கள் கோபத்தை வெறும் அரசியல் என்று ஒதுக்கிவிடாதீர்கள், அவர்கள் பேசி முடிக்கட்டும். அதன் பிறகு அவர்களிடம் ஒன்றைக் கேளுங்கள். 1914-இல் சாவடியிலிருந்து புறப்பட்டுப் போனவர்கள் யாருடைய போருக்குப் போனார்கள்? அது வெள்ளைக்காரனின் போர். அந்தக் கல்லை ஊர் நூறு வருடமாக வைத்திருக்கிறது, அந்தப் போரை ஆதரித்து வைத்திருக்கவில்லை. எங்கே போவது, யாரைச் சுடுவது என்று சிப்பாய் தீர்மானிப்பதில்லை. தமிழ் பேசுகிற இடத்துக்குத் துப்பாக்கியோடு அனுப்பப்பட்ட தமிழ்ச் சிப்பாயின் நெஞ்சில் என்ன இருந்திருக்கும் என்பதை அவர் கடிதம் ஏதாவது வீட்டில் இருந்தால் அவர்கள் படித்துப் பார்க்கட்டும். கல்லில் வேண்டியது பெயர், படைப்பிரிவு, இறந்த இடம், வருடம். "யாழ்ப்பாணம், 1988" என்றால் அது உண்மை, அதற்கு மேல் ஒரு அடைமொழியும் வேண்டாம். எல்லாப் பெயருக்கும் இதே அளவு என்று வைத்துவிட்டால், எந்தப் போருக்கும் ஊர் சான்றிதழ் கொடுத்ததாக ஆகாது. கொழும்பை ஒட்டிய ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டே நகரிலும் யாழ்ப்பாணம் பக்கத்துப் பலாலியிலும் அமைதிப்படைக்கு நினைவிடம் இருக்கிறது. டெல்லிச் சுவரிலும் அவர் பெயர் இருக்கும். பிறந்த ஊர் மட்டும் அவரை விட்டுவிட்டால், அம்மாவோ மனைவியோ இன்னும் உயிரோடு இருந்தால், அதை எந்த முகத்தோடு அவர்களிடம் போய்ச் சொல்வீர்கள்? இது என் கருத்துதான். ஆனால் இதில் நான் உறுதியாக நிற்கிறேன்.

தெற்கு வளவுப் பெரியவரிடம் வருகிறேன். எண்ணிக்கை மட்டும் எழுதிய கல்லில் சாதி தெரியாது. ஊரிலிருந்து போனவர் எல்லாரும் அந்த எண்ணில் அடக்கம். பெயர் எழுதத் தொடங்கும்போதுதான் யார் வீட்டுக் காகிதம் பத்திரமாக இருக்கிறது, யார் கூட்டத்தில் எழுந்து பேசுகிறார் என்பது கல்லில் ஏறும். ஓட்டு வீடும் இரும்புப் பெட்டியும் இருந்தவர் வீட்டில் காகிதம் தப்பும். கூரை வீட்டில் மழையும் கரையானும் தப்ப விடாது. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையிலும், பாதை போடுவது போன்ற வேலைக்கான பயனியர் படைகளிலும் பறையர் சமூகத்தார் பெருமளவில் இருந்தார்கள் என்பது படை வரலாற்றிலேயே உள்ள செய்தி. ஆகவே காகிதம் இல்லை என்பதால் அந்தப் பெரியவர் சொல்வது பொய் ஆகாது, தேடும் வேலை ஊருடையது.

எங்கே தேடுவது? முதலில் வீட்டுக்குள். பட்டாளத்துக்காரரின் கறுப்பு டிரங்குப் பெட்டி அட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மூடியில் வெள்ளைப் பெயிண்டில் எண், பதவி, பெயர் எழுதியிருப்பார்கள். துரு ஏறியிருந்தாலும் ஈரத்துணியால் மெல்லத் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்தின் தடம் தெரியும். அந்த எண் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. முதல் உலகப் போர்ப் பதக்கமாக இருந்தால் அதன் விளிம்பில் எண், பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். அந்தப் போர்ப் பதக்கங்களில் ஒன்று வெள்ளி என்பதால் பல வீடுகளில் அரைஞாண் கொடியாக உருகிப் போயிருக்கலாம். வெண்கலத் தட்டு ஒன்றும் உண்டு, உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரியது, குறுக்களவு சுமார் 12 சென்டிமீட்டர். இறந்தவர் குடும்பத்துக்கு மட்டும் வந்தது. அதில் திரிசூலம் ஏந்திய ஒரு பெண் உருவமும் பக்கத்தில் சிங்கமும் இருக்கும். பிரிட்டானியா என்ற உருவம் அது. நம் வீட்டில் அது அம்மன் என்று சாமி படத்தோடு வைக்கப்பட்டிருந்தாலும் வியப்பில்லை, ஆகவே சாமி மாடத்திலும் பார்க்கச் சொல்லுங்கள். அந்தத் தட்டில் பெயர் மட்டும்தான் இருக்கும், பதவி இருக்காது. உயிர்த் தியாகத்தில் உயர்வு தாழ்வு இல்லை என்று வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள்.

அடுத்தது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவேடு. யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். இரண்டாம் உலகப் போர்ப் பதிவுகளில் பல இடங்களில் அப்பா பெயர், மனைவி பெயர், ஊர் வரை இருக்கும். தேடும்போது இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, ஆங்கில எழுத்துக்கூட்டல். நாச்சிமுத்து, செங்கோடன், சென்னியப்பன், கருப்பண்ணன் போன்ற நம் பக்கத்துப் பெயர்களை வடநாட்டு எழுத்தரோ வெள்ளைக்கார எழுத்தரோ காதில் கேட்டபடி எழுதியிருப்பார், இரண்டு பெயராக உடைத்தும் எழுதியிருப்பார். பெயரில் பாதியை மட்டும் போட்டுத் தேடுங்கள். இரண்டு, மாவட்டம். உங்கள் பக்கம் 1979 வரை கோயம்புத்தூர் மாவட்டம், பிறகு பெரியார் மாவட்டம், பிறகு ஈரோடு மாவட்டம், 2009 முதல் திருப்பூர் மாவட்டம். ஆக 1944-இல் பர்மாவில் இறந்தவருக்குக் கோயம்புத்தூர் என்றும், 1988-இல் இறந்தவருக்குப் பெரியார் என்றும், கார்கிலில் இறந்தவருக்கு ஈரோடு என்றும் இருக்கும். எல்லாரும் ஒரே ஊர்க்காரர்கள்தான். கரூர்ப் பக்கத்து ஊர்க்காரர்கள் இதைப் படித்தால், 1910 வரை கரூர் வட்டமும் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

பதிவேட்டில் பெயர் இருந்தால் அது சான்று. இல்லாவிட்டால் அவர் இறக்கவில்லை என்று அர்த்தமில்லை. ஆப்பிரிக்கா, மத்திய கிழக்கு, இந்தியா பக்கத்து வீரர்கள் பல ஆயிரம் பேரை முதல் உலகப் போருக்குப் பின் சரியாகப் பதிவு செய்யவில்லை என்று அந்த ஆணையமே 2021-இல் ஒப்புக்கொண்டு அறிக்கை வெளியிட்டிருக்கிறது. விடுபட்ட பெயரைச் சான்றோடு அனுப்பினால் பரிசீலிக்கிறார்கள். சுதந்திரத்துக்குப் பிந்தையவர்களுக்கு அந்தந்தப் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, பீரங்கிப்படை என்றால் நாசிக் ரோடு, தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், வண்டி, இயந்திரம் பழுதுபார்க்கும் பிரிவான இஎம்இ என்றால் செகந்திராபாத், மருத்துவப் பிரிவு என்றால் லக்னோ. தனி ஆளாக எழுதுவதைவிட மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக எழுதினால் பதில் விரைவில் வரும். பழைய கோப்பு ஈரோட்டிலோ கோயம்புத்தூரிலோ தங்கியிருக்கலாம், அங்கும் கேளுங்கள். பென்ஷன் இல்லாதவர்களின் பழைய தாள்கள் கால வரம்பு முடிந்ததும் கழிக்கப்பட்டிருக்கும். அப்போதும் லாங் ரோல் என்ற பெரிய பதிவேட்டில் எண்ணும் பெயரும் ஓரிரு வரியும் நிற்கும். "ஆவணம் இல்லை" என்று முதல் பதில் வந்தால், லாங் ரோல் பார்த்தீர்களா என்று மறுபடி எழுதுங்கள்.

எல்லாரும் மறந்துவிடுகிற ஒரு கூட்டம் உண்டு. இருபது, இருபத்திரண்டு வயதில் கல்யாணம் ஆகாமல் இறந்தவர்கள். அவர்களுக்காகக் கூட்டத்தில் எழுந்து பேசப் பேரன் கிடையாது. பங்காளி வீட்டில் பெயர் மறைந்திருக்கும், கூடப் பிறந்தவள் கட்டிக்கொடுத்துப் போன ஊரில்தான் கதை உயிரோடு இருக்கும். "எங்க அப்பத்தாளோட அண்ணன் ஒருத்தரு மிலிட்டரியில செத்துப்போனாருங்க" என்று மூலனூரிலோ வெள்ளகோயிலிலோ யாராவது சொல்வார்கள். ஊரிலிருந்து வெளியே கட்டிக்கொடுத்த பெண்கள் வீடுகளுக்கும் ஒரு வாட்ஸ்அப் செய்தி போகட்டும்.

இத்தனைக்குப் பிறகும் காகிதம் கிடைக்காதவரை என்ன செய்வது? முதல் உலகப் போருக்கு உங்களிடம் ஒரு வசதி இருக்கிறது, பழைய கல்லே எண்ணைச் சொல்கிறது. புதிய பலகையில் "அவர்களுள் பெயர் தெரிந்தவர்கள்" என்று தலைப்பிட்டு எழுதினால் பொய்யும் இல்லை, கதவும் மூடவில்லை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு வீட்டார் ஒரே செய்தியைச் சொன்னால் ஏற்றுக்கொள்ளலாம் என்பது என் அளவுகோல். பெரியவர் சொல்வதை ஒலிப்பதிவு செய்து, என்ன சான்றின் பேரில் இந்தப் பெயர் ஏறியது என்று ஊராட்சியில் ஒரு பதிவேடு வைத்து எழுதுங்கள். காகிதச் சான்று உள்ள பெயருக்கும் அதே பதிவேட்டில் நகல் ஒட்டுங்கள். நாளைக்கு ஒருவர் சந்தேகம் கேட்டால் காட்ட அது வேண்டும்.

பட்டியல் தயாரானதும், கல் தச்சரிடம் போகும் முன் ஃப்ளெக்ஸில் அச்சிட்டுச் சாவடியிலும் ரேஷன் கடையிலும் ஒரு மாதமாவது தொங்க விடுங்கள். ண, ன, ர, ற பிழையெல்லாம் அங்கேதான் வெளிவரும். ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் தங்கள் வரிக்கு நேரே கையெழுத்துப் போடட்டும். சாதிப் பட்டம் யாருக்கும் வேண்டாம். ஆவணத்தில் இருந்தாலும் வேண்டாம். ஒரே பெயரில் இரண்டு பழனிசாமி இருந்தால் அப்பா பெயரை முழுதாக எழுதிப் பிரியுங்கள். தோட்டத்துப் பெயர், வளவுப் பெயர் போட்டால் அதுவும் சாதியைத்தான் சொல்லும். வரிசை, இறந்த தேதிப்படி இருக்கட்டும். பதவிப்படி வைத்தால் சிப்பாய் வீட்டார் மனம் சுருங்கும், அகர வரிசை வைத்தால் போர்கள் கலந்துபோகும். போய்த் திரும்பி வந்தவர்கள் பெயரைக் கல்லில் ஏற்றப் பார்க்காதீர்கள், நம் ஊர்களில் அது முடிவில்லாத பட்டியல். பழைய கல் செய்தது போலவே அவர்களுக்கு எண்ணிக்கை போதும், பெயர்கள் பதிவேட்டில் இருக்கலாம்.

இனிக் கல். பழைய சலவைக்கல்லைப் பெயர்க்க வேண்டாம், புதுமேடைக்குக் கொண்டுபோய் அழகாக வைக்கவும் வேண்டாம். சுவரோடு பிடித்திருக்கும் கல்லைக் கடப்பாறையால் நெம்பினால் மூலையில் விண்டுவிடும். ஆசிட் ஊற்றிக் கழுவுவது பெரும்பாவம். சலவைக்கல் சுண்ணாம்பு வகை, ஆசிட் பட்டால் மேல்தோல் கரைந்து எழுத்து மழுங்கும். ஈயம் ஊற்றிய எழுத்தாக இருந்தால் உதிரவும் செய்யும். எனாமல் பெயிண்டும் கூடாது. தண்ணீரும் மெத்தென்ற நார்ப் பிரஷும் போதும். சுற்றிலும் பூச்சு உதிர்ந்திருந்தால் சிமெண்ட் வைக்காமல் சுண்ணாம்புக் காரை வைக்கச் சொல்லுங்கள். சிமெண்ட் ஈரத்தை உள்ளே பூட்டிவிடும், உப்புப் பூத்துக் கல் பொரியும். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கல்வெட்டு என்பதால் 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டத்தின் வரையறைக்குள் அது வரக்கூடும். கை வைப்பதற்கு முன் தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம் போடுவது நல்லது.

புதியதற்கு மெருகேற்றிய கறுப்புக் கிரானைட் நல்லது. உளி பட்ட இடம் வெளிறித் தெரியும், பெயிண்ட் உதிர்ந்தாலும் படிக்கலாம். ஒரே பெரிய பலகையில் எல்லாப் பெயரையும் வெட்டாமல், ஒரு பெயருக்கு ஓரடி நீளத்தில் ஒரு சின்னப் பலகை என்று வைத்துக்கொள்ளுங்கள். டெல்லி நினைவிடத்திலும் ஒவ்வொரு பெயருக்கும் தனிக் கல்தான். ஒரு பிழையைத் திருத்த ஒரு கல்லை மாற்றினால் போதும். இன்னொரு காரணமும் இருக்கிறது. பெரிய பலகையில் வருங்காலத்துக்கு என்று அடியில் இடம் விட்டால், ஊர்ப் பெண்கள் பார்த்துவிட்டு "இது அடுத்த பையனக் கூப்பிடற மாதிரி இருக்குதுங்க" என்பார்கள். பட்டாளத்தில் பிள்ளை இருக்கும் தாய்க்கு அந்த வெற்றிடம் நெஞ்சை அறுக்கும். தனிப் பலகையில் அந்தச் சங்கடமே இல்லை, சுவர் சுவராக நிற்கும். எழுத்து ஓர் அங்குல உயரத்துக்குக் குறையாமல், ஆழமாக, உளியால் வெட்டச் சொல்லுங்கள். மணல் பீய்ச்சும் மெஷினில் மெய்யெழுத்தின் புள்ளி அடைபட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். திருமுருகன்பூண்டிக் கல் தச்சர்கள் உங்களுக்குப் பக்கம், கைவெட்டு எழுத்துக்கு அங்கே ஆள் உண்டு. பலகையைப் பிடிக்கும் கம்பி துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். சாதாரண இரும்பு துருவேறிப் பருத்துக் கல்லைப் பிளக்கும். மேடை பழைய கல்லைவிட உயரமாக வேண்டாம். கரிசல் மண்ணாக இருந்தால் மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும், சுக்கான் பாறை வரும் வரை தோண்டி அஸ்திவாரம் போடுங்கள்.

அனுமதி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். விஏஓவிடம் புல எண் கொடுத்து அந்த இடம் யாருடையது என்று முதலில் உறுதி செய்யுங்கள். ஊராட்சிக்குரிய சாவடி என்றால் கிராம சபைத் தீர்மானத்தோடு வட்டார வளர்ச்சி அலுவலரிடம் போகலாம். கோயில் நிலம் என்றால் அறநிலையத் துறை. ஆனால் கோயில் மதிலுக்குள் வைக்க வேண்டாம் என்பேன், எல்லா வளவுக்காரரும் எல்லா மதத்தாரும் செருப்போடு வந்து நின்று படிக்கிற இடமாக அது இருக்க வேண்டும். சாலைப் புறம்போக்கில் இறங்கிவிடாதீர்கள். பொதுச் சாலையில் சிலையோ கட்டுமானமோ வைக்க அனுமதிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் உத்தரவிட்டிருக்கிறது. நான்முகச் சிங்க முத்திரையைக் கல்லில் வெட்டக் கூடாது, 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைத் தனியார் பயன்படுத்த முடியாது. திறப்பு நாளில் கல்லைத் தேசியக் கொடியால் மூடி விலக்கும் வழக்கமும் கொடி விதிக்கு முரண், வெறும் வெள்ளைத் துணி போதும். உபயம் கொடுத்தவர்கள் பெயரும் திறந்து வைத்தவர் பெயரும் அந்தச் சுவரில் எங்கும் வரக்கூடாது என்பதையும் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். நன்கொடைக் கணக்கை நோட்டீஸில் அச்சிட்டுக் கொடுத்தால் போதும்.

வழக்கமாகக் கிராம சபை கூடும் நாட்கள் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வருவதில் விதியை மட்டும் வையுங்கள். அதற்கடுத்த கூட்டத்துக்குள் பட்டியல் தேறிவிடும். ஆணையப் பதிவேட்டில் உங்கள் ஊர்ப் பெயர் போலத் தெரிவது எதுவும் கிடைத்தால், அந்த வரியை எழுத்து மாறாமல் இங்கேயே போடுங்கள். படைப்பிரிவின் சுருக்கெழுத்தை நான் விரித்துச் சொல்கிறேன், யார் வீட்டுப் பெயர் என்று நீங்கள் ஊரில் கேட்டுப் பார்க்கலாம்.